விட்டுப் பிடி

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் விரைவுச் சாலையில் மாலை ஐந்து மணிக்கு மேல் வண்டியை ஓரம்கட்டி நின்றால் இந்தப் புதிரை நேரிலேயே பார்க்கலாம். கடல் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டி, கடலுக்குள் நீட்டிக் கட்டியிருக்கிறார்களே, அதற்கு அரசாங்கக் காகிதத்திலேயே 'தூண்டில் வளைவு' என்றுதான் பெயர். பெயரைக் காப்பாற்றுவதுபோல அதன்மேல் ஆட்கள் வரிசையாக நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அதில் ஒருவர் கையில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு ராடு. அதில் ஓடும் நரம்பு காத்தாடி நூலைவிடக் கொஞ்சம்தான் தடிமன். நரம்பு வந்த சுருளில் '8 கிலோ தாங்கும்' என்று அச்சடித்திருக்கிறது. அந்த நரம்பை வைத்துக்கொண்டு அவர் 10 கிலோ மீனைப் பாறை ஓரத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார். அதே நரம்பில் 10 கிலோ அரிசிப் பையைக் கட்டித் தூக்கிப் பாருங்கள், அறுந்து விழும். அரிசிக்கு அறுகிற நரம்பு மீனுக்கு ஏன் அறுபடவில்லை?

இன்னொரு புதிரும் இருக்கிறது. அவர் நரம்பின் நுனியில் கட்டியிருப்பது மீனும் இல்லை, இறாலும் இல்லை. சிவப்புத் தலையும் வெள்ளை உடம்புமாக ஒரு பிளாஸ்டிக் துண்டு. எந்தக் கடலிலும் அப்படி ஒரு மீன் கிடையாது. சாம்பலும் சேறும் கலந்த எண்ணூர்த் தண்ணீரில் அது கண்ணுக்கே தெரியாது. அதைப் போய் மீன் ஏன் கடிக்கிறது?

மேலே தூக்கினால்தான் கிலோ

முதல் புதிருக்குப் பாதி விடையைச் சொன்னவர், எண்ணூர் முகத்துவாரத்தில் கைத்தூண்டிலோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். அன்று எனக்கு 3 கிலோ இருக்கும் கொடுவா மீன் மாட்டியிருந்தது. பாடுபட்டுப் பாறை வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். உற்சாகம் தாங்காமல் நரம்பைக் கையால் பிடித்து அப்படியே மேலே தூக்கினேன். பட்டென்று அறுந்தது. மீன் பாறை இடுக்கில் ஒரு நொடி துள்ளி, அடுத்த அலையில் போயே போய்விட்டது. பெரியவர் தலையைத் திருப்பக்கூட இல்லை.

"தண்ணிக்குள்ள மீனுக்கு ஏது தம்பி கிலோ? மேல தூக்குனாத்தான் கிலோ."

ஆர்க்கிமிடீஸ் சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான். தண்ணீருக்குள் இருக்கும் பொருளைத் தண்ணீர் மேல்நோக்கித் தாங்குகிறது. எவ்வளவு தண்ணீரை அது விலக்கியிருக்கிறதோ அவ்வளவு எடைக்குத் தாங்கும். மீனின் சதையும் எலும்பும் தண்ணீரைவிடச் சற்றே கனம். அந்தச் சிறு வித்தியாசத்தையும் உடம்புக்குள் இருக்கும் காற்றுப்பை ஈடுகட்டிவிடும். அதனால் தண்ணீரில் மிதந்து நிற்கும் 10 கிலோ மீனின் பாரம் நரம்புக்குச் சுத்தமாகத் தெரியாது. அரிசிப் பைக்கு அந்தச் சலுகை இல்லை.

அப்படியானால் 3 கிலோ மீனுக்கு என் 8 கிலோ நரம்பு ஏன் அறுந்தது? பாறையில் ஒட்டியிருந்த சிப்பியில் உரசி ஏற்கெனவே காயம் பட்டிருந்தது. போதாததற்கு மீன் காற்றில் தொங்கியபடி துள்ளியது. எடை போய்விட்டாலும் போகாத ஒன்று மீனிடம் இருக்கிறது. அதுதான் ஓட்டம்.

யாருடைய மீனுக்குச் செய்த ராடு?

ஓட்டத்தைப் பார்ப்பதற்கு முன் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும். தூண்டில் கடைகளில் ராடின்மேல் 'பாஸ்' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அமெரிக்க ஏரிகளில் வாழும் பெருவாய் பாஸ் என்ற நன்னீர் மீனுக்காகச் செய்தது. அந்த மீனில் பேர்போன சாதனை 1932இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிடிபட்டது, அதுவே 10 கிலோதான். நம் கொடுவாவையும் ஆங்கிலத்தில் கடல் பாஸ் என்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே குடும்பம் இல்லை. அங்கே சாதனையாகப் பேசப்படும் எடை, கொடுவாவில் ஒரு நல்ல மீன், அவ்வளவுதான். ஆஸ்திரேலியர்கள் பாராமுண்டி என்று தலையில் தூக்கிவைத்து ஆடுவதும் இதே கொடுவாவைத்தான்.

கொடுவா கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக உப்பும் நன்னீரும் கலக்கும் இடங்களுக்கு ஏறி வந்து வளரும். கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் கடலோடு சேரும் எண்ணூர் அதற்கு வாகான இடம். அனல்மின் நிலையச் சாம்பலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோடு பரவிய எண்ணெயும் சேர்ந்து அந்த வீட்டை என்ன பாடு படுத்தியிருக்கின்றன என்பது தனி அத்தியாயத்துக்கான கதை. சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் இந்த மீனை முட்டுக்காட்டுக் குஞ்சுப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. இன்று உணவகத் தட்டில் வருகிற கொடுவா குளத்தில் வளர்ந்ததாகவும் இருக்கலாம். இன்னொரு வேடிக்கை: கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, சில வருடம் கழித்துப் பெண்ணாக மாறும். பெரிய கொடுவா என்றால் அநேகமாகப் பெண்தான். முட்டையிடும் தாயை விட்டுவிடுவோமா என்று யோசிப்பவர்களுக்கு இந்தத் தகவல் போதும்.

நமக்கு வேண்டியது அதன் பழக்கம். பாலத்தூண், பாறை, சாய்ந்த மரம் என்று ஏதாவது ஒன்றின் மறைவில் அசையாமல் நிற்கும். இரை பக்கத்தில் வந்தால் பாயும். முள் மாட்டியதும் திரும்ப மறைவுக்கே ஓடும். செவுள் மூடியின் விளிம்பு கத்தி மாதிரி. மீன் வெட்டும்போது அங்கே கை வைத்துக் கிழித்துக்கொண்டவர்கள் காசிமேட்டில் நிறையப் பேர்.

ஐந்து சென்டிமீட்டரில் 24 கிலோ

6 கிலோ கொடுவா ஒன்று மாட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பாறையை நோக்கி ஓடுகிறது. நாம் வேகமாக நடப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இதை நிறுத்த வேண்டும்.

நிறுத்த எவ்வளவு விசை தேவை என்பதை மீனின் எடையும் வேகமும் மட்டும் முடிவு செய்வதில்லை. எவ்வளவு தூரத்துக்குள் நிறுத்துகிறோம் என்பதுதான் கணக்கைப் புரட்டிப்போடுகிறது. ராடு வளையாது, நரம்பு நீளாது, ரீல் சுற்றாது என்று வைத்துக்கொண்டால், மீன் ஐந்து சென்டிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். அப்போது நரம்பில் விழும் சராசரி இழுப்பு சுமார் 24 கிலோ. 8 கிலோ நரம்பு அந்தக் கணமே போய்விடும். அதே மீனை அறுபது சென்டிமீட்டர் ஓடவிட்டு நிறுத்தினால் இழுப்பு 2 கிலோ. மீனும் மாறவில்லை, வேகமும் மாறவில்லை. விட்டுக்கொடுத்த தூரம் பன்னிரண்டு மடங்கானதும் இழுப்பு பன்னிரண்டில் ஒரு பங்காகிவிட்டது. வால் உந்துகிற விசை இதற்கு மேல் கொஞ்சம் சேரும், ஆனாலும் 8 கிலோ நரம்பு அதைத் தாங்கும்.

கட்டட வேலையில் கீழே இருப்பவர் செங்கல்லை வீச, சாரத்தில் நிற்பவர் பிடிப்பதைக் கவனியுங்கள். செங்கல் கையில் பட்டதும் கையைச் செங்கல்லோடு சேர்த்தே கொஞ்சம் போகவிடுவார். விறைப்பாக நீட்டிப் பிடித்தால் விரல் உடையும். ராயபுரம் பக்கம் காத்தாடி விட்டு வளர்ந்தவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டியதில்லை. 'டீல்' என்றாலே நூலைத் தளர விடுவதுதான்.

ஆக, ராடு, நரம்பு, ரீல் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி 'எவ்வளவு தாங்கும்?' என்பது அல்ல. 'எது, எவ்வளவு விட்டுக்கொடுக்கும்?' என்பதுதான். விட்டுக்கொடுக்க மூன்று இடம் இருக்கிறது. மூன்றும் விறைத்தாலும் மீன் போச்சு, மூன்றும் தொளதொளத்தாலும் மீன் போச்சு.

நரம்பு: இரண்டு அஞ்சலட்டை, ஒரு அஞ்சலட்டை

நம்மூரில் தங்கூஸ் என்று சொல்கிற ஒற்றை நைலான் நரம்பு ரப்பருக்குத் தூரத்து உறவு. அறுவதற்கு முன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் நீளக்கூடியது. 20 மீட்டர் நரம்பு வெளியே இருந்தால் பாதி இழுப்பிலேயே ஒன்றிரண்டு மீட்டர் தானாக விட்டுக்கொடுத்துவிடும். புதிதாக ஆரம்பிப்பவர்களை இது பல தவறுகளிலிருந்து காப்பாற்றும்.

இன்னொரு வகை, நுண்ணிய பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்தது. இதைப் பின்னல் நரம்பு என்போம். தலைமுடி பின்னுவது போலத்தான், நான்கு புரி அல்லது எட்டுப் புரி. இது சில விழுக்காட்டுக்கு மேல் நீளாது. மீன் இரையை மோந்து பார்த்தால்கூட விரலுக்குத் தெரியும். ஆனால் விட்டுக்கொடுக்கத் தெரியாத நரம்பு இது.

அப்படியானால் நைலானே போதாதா? முகத்துவாரத்தில் போதாது. காரணம் நீரோட்டம். சுமார் 15 கிலோ தாங்க நைலான் என்றால் அரை மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். பின்னலில் அதில் பாதியே போதும். பார்வைக்குப் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் 50 மீட்டர் நரம்பைத் தண்ணீரில் விட்டால், நைலான் ஓட்டத்துக்குக் காட்டும் பரப்பு இரண்டு அஞ்சலட்டை அளவு. பின்னல் காட்டுவது ஒரு அஞ்சலட்டை. வத்தத்தில் ஆற்றுத் தண்ணீர் கடலுக்குப் பாயும்போது அந்த இன்னொரு அட்டைதான் நரம்பைத் தொட்டில்போல வளைத்து, இரையை வேண்டாத இடத்துக்கு இழுத்துப்போகும்.

பின்னலுக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. நேர் இழுப்பில் பீமன், உரசலில் நூல். சிப்பி ஒட்டிய பாறையில் ஒரு தடவை உராய்ந்தால் இழைகள் ஒவ்வொன்றாகப் போய்விடும். கொடுவாவின் செவுளுக்கும் அதே வேலை தெரியும். அதனால் பின்னலின் முனையில் தடித்த நைலானை ஒரு மீட்டருக்கு முடிந்துகொள்கிறார்கள். இதை முன்நரம்பு என்று வைத்துக்கொள்வோம். 0.60 மில்லிமீட்டர் நைலான் அசிங்கமாகத் தடித்துத் தெரியும். எண்ணூர்க் கலங்கலில் மீனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அச்சடித்த எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. நைலான் தண்ணீரை உறிஞ்சும். ஊறினால் பலம் பத்தில் ஒரு பங்காவது குறையும். முடிச்சு இன்னும் தின்னும். முடிச்சை இறுக்கும்போது எச்சில் தொட்டு இறுக்குவது அருவருப்பான பழக்கம் இல்லை. உராய்வுச் சூட்டில் நைலான் வெந்து போகாமல் இருக்கத்தான்.

வளைவது யாருக்காக?

மீன் இழுக்கும்போது ராடு வில்லாக வளைவதைப் பார்த்தால் மீன் ஜெயிக்கிறது என்றுதான் தோன்றும். உண்மையில் அந்த வளைவு நம் கையைக் காப்பாற்றுகிறது.

ராடு ஒரு நெம்புகோல், ஆனால் நமக்கு எதிராக வேலை செய்கிற நெம்புகோல். கடப்பாரையில் பாரம் கிட்டத்தில், கை தூரத்தில். ராடில் கை கிட்டத்தில், பாரம் தூரத்தில். அடிமுனையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, அதிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கையால் தாங்குகிறோம். நுனி 2 மீட்டர் தள்ளி இருக்கிறது. நுனியில் 2 கிலோ இழுப்பு என்றால் அந்தக் கைக்கு 10 கிலோ. ராடு வளைந்து, நரம்பு இழுக்கும் கோடு ஒரு மீட்டர் தூரத்துக்குக் கிட்டே வந்தால் அதுவே 5 கிலோவாகிவிடும். மூங்கில் கழியில் பிடித்த நம் முன்னோர்களுக்கு அடி தடித்து நுனி மெலிந்த கழியை மூங்கிலே செய்துகொடுத்தது. இன்று கண்ணாடி இழையிலும் கார்பன் இழையிலும் அதையே காசு கொடுத்துச் செய்கிறார்கள்.

பின்னல் நரம்பு போட்டவர் நுனி மெத்தென்று வளையும் ராடாக எடுக்க வேண்டும். அடிப்பாகம் மட்டும் கெட்டியாக இருக்க வேண்டும், கொடுவாவைப் பாறையிலிருந்து திருப்பிக் கொண்டுவர அது தேவை. 7 அடி போதும். பாறை நீண்டு கிடக்கும் இடத்தில் 8 அடி.

கார்பன் லேசானது, துடிப்பானது. கூடவே மின்சாரம் கடத்தும். அனல்மின் நிலையங்களிலிருந்து வரும் உயர் அழுத்தக் கம்பிகள் எண்ணூர்க் கழிமுகத்தைத் தாண்டிப் போகின்றன. அவற்றின் அடியில் நின்று ராடை ஓங்கி வீசுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். இடி இடித்தாலும் ராடைக் கீழே வைத்துவிட்டு நகர வேண்டும்.

விரலும் ரீலும்

விட்டுக்கொடுக்கும் மூன்றாவது இடம் ரீல். உள்ளே வட்டத் தகடுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்கும். இழுப்பு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் தகடுகள் வழுக்கி நரம்பை வெளியே விடும். தளர்பிடி என்று இதற்குப் பெயர் வைக்கலாம். ராடு தருவது அதிகம் போனால் ஒரு மீட்டர், தளர்பிடியோ சுருளில் உள்ளதையெல்லாம் தரும்.

அதை எங்கே நிறுத்திவைப்பது? நரம்பின் பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு. 8 கிலோ நரம்புக்கு 2 கிலோவில் ஆரம்பிக்கலாம். தராசு தேடி அலைய வேண்டாம். 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலை நரம்பு நுனியில் கட்டி, ரீலைப் பிடித்துத் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டு எழும்பும்போது ரீல் முனகிக்கொண்டே நரம்பை விட்டால் அளவு சரி.

அப்புறம் அதைத் தொடவே கூடாது என்பது என் கட்சி. மீன் நிறைய நரம்பை இழுத்துப் போய்விட்டால் எல்லோருக்கும் கை தானாகத் திருகுக்குப் போகும், இன்னும் கொஞ்சம் இறுக்கத் தோன்றும். ஆனால் நரம்பு வெளியேறிச் சுருளின் விட்டம் சிறுத்தாலே, அதே உராய்வைத் திருப்ப அதிக இழுப்பு தேவைப்படும். விட்டம் பாதியானால் 2 கிலோ தானாக 4 கிலோ. நாம் தொடாமலே இறுகியிருப்பதை நாமும் இறுக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒருநாள் இந்தப் பாட்டில் வேலையைச் செய்துகொண்டிருந்தபோது பெரியவர் எட்டிப் பார்த்து ரீலின் விலை கேட்டார். சொன்னேன். அவர் தன் ஆள்காட்டி விரலை நீட்டினார். சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையம் மாட்டியிருந்தது. அதன் குறுக்கே நரம்பு ஓடி ஓடி ஒரு பள்ளம். "இது ஓசி" என்றார்.

தெரியாத தண்ணீரில் பொய் இரை

இப்போது அந்தச் சிவப்புத் தலைப் பிளாஸ்டிக். கலங்கல் தண்ணீரில் நிறங்கள் ஒரு கை தூரத்துக்குள் மங்கிவிடும். மிஞ்சுவது வெளுப்பு, கருப்பு என்கிற வேறுபாடுதான். வெள்ளை உடம்பு இருட்டில் கொஞ்சம் துலங்கும், தலை அதில் தனியாகத் தெரியும். மீன் போல இருக்கிறதா என்பது மீனின் கவலை அல்ல. எது முன்பக்கம், எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தால் போதும். இரவில் கதை தலைகீழ். கொடுவா கீழேயிருந்து மேலே பார்க்கிறது, பின்னணியில் வானத்தின் மங்கல் வெளிச்சம். அப்போது நன்றாகத் தெரிவது கருப்பு இரை. கருவண்ண இரையை இரவில் கட்டுகிறவர் குழம்பிப்போனவர் இல்லை.

ஆனால் கண்ணுக்கு முன்பே வேலை செய்வது வேறொன்று. மீனின் விலாவில் செவுளிலிருந்து வால் வரை கோடு ஒன்று ஓடும். மீன் கழுவும்போது பார்த்திருப்பீர்கள். அது பக்கக்கோடு. அதன் துளைகளுக்குள் இருக்கும் உணர்மயிர்கள் பக்கத்துத் தண்ணீரின் சிறு அசைவையும் தொட்டுணரும். தூரத்துக்குக் காது இருக்கிறது. தண்ணீரில் ஒலி காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் மேல் வேகமாகப் போகும். பொய் இரையின் வயிற்றில் இரும்புக் குண்டுகளைப் போட்டுக் கிலுகிலுப்பை ஆக்கியிருப்பது அதற்காகத்தான்.

அசைவு எங்கிருந்து வருகிறது? இரையின் தாடையில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். இழுக்கும்போது தண்ணீர் அதில் மோதி, ஒருமுறை இடப்பக்கமும் மறுமுறை வலப்பக்கமும் சுழன்று விலகும். இரை மாறி மாறி ஆடும். ஸ்பூனின் காம்பை இரண்டு விரலில் தொங்கவிட்டு, அதன் முதுகைக் குழாய்த் தண்ணீரில் லேசாகத் தொட வைத்துப் பாருங்கள். தண்ணீரை நோக்கி இழுபட்டு, ஆடி, திரும்ப ஒட்டும். நாக்கு நீளமாக முன்னால் நீண்டால் இரை ஆழம் போகும். செங்குத்தாகக் குறுகினால் மேலேயே நின்று அதிகம் ஆடும். காத்தாடிக்குச் சூத்திரம் எங்கே கட்டுகிறோம் என்பதைப் போல, நரம்பு கட்டும் வளையம் ஒரு மில்லிமீட்டர் கோணினாலும் இரை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும்.

முகத்துவாரத்தில் கொடுவாவின் சாப்பாடு மடவைக் குஞ்சும் இறாலும். அதனால் ஒரு சாண் நீளத்துக்கும் குறைவான இரை போதும். மெதுவாக இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுக்க வேண்டும். இரை நிற்கும் நொடியில்தான் பெரும்பாலும் அடி விழும்.

விழுவது என்று சொன்னேனே தவிர, கொடுவா கடிப்பதில்லை. உறிஞ்சுகிறது. வாயையும் செவுளையும் ஒரே வீச்சில் விரிக்கும். உள்ளே அழுத்தம் சட்டென்று குறையும். முன்னால் இருக்கும் தண்ணீர் இரையோடு உள்ளே பாயும். மேல்மட்டத்தில் நடந்தால் 'டப்' என்று கேட்கும். நொடியில் சில நூறில் பங்குகளில் எல்லாம் முடிந்துவிடும். நம் கை எதிர்வினை காட்டவே நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். அதாவது நமக்குத் தெரிந்தபோது அது முடிந்த கதை.

இங்கேயும் விறைப்பு கெடுக்கும். பின்னல் நரம்பு விண்ணென்று இழுபட்டு, ராடு நுனியும் கெட்டியாக இருந்தால், தண்ணீர் வாய்க்குள் போகும், இரை போகாது. நுனி ஒரு சாண் வளைந்து கொடுத்தால் இரை தண்ணீரோடு உள்ளே போய்விடும். சத்தம் கேட்டதும் ராடை வெடுக்கென்று இழுப்பவர்கள் பலர். மீனின் இழுப்பு கையில் ஏறும் வரை பொறுப்பவருக்கு அது சிக்கும்.

கடைசி மூன்று மீட்டர்

பிறகு நான் பிடித்த ஒரு கொடுவா, பெரியவர் இருந்த நாளிலேயே மாட்டியது. தளர்பிடி மூன்று முறை முனகியது. இரண்டு முறை மீன் பாறைப் பக்கம் திரும்பியது, ராடைத் தாழ்த்திப் பக்கவாட்டில் இழுத்ததில் விலகி வந்தது. கடைசியில் சோர்ந்து ஒருக்களித்து, வெள்ளி விலா தெரிய, மேலே வந்தது. எனக்கும் அதற்கும் இடையில் மூன்று மீட்டர் பாறைச் சரிவு. கை நரம்பை நோக்கிப் போனது.

"தூக்காத" என்றார் பெரியவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாசிப் பாறையில் ஒவ்வொரு காலாக ஊன்றி இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று கைவலையை மீனுக்கு அடியில் நீட்டி, அலை ஏறும்வரை காத்திருந்தார்.